சத்தம் போன இடம்

படத்தில் பழுதில்லை.
நகைக்கடை விளம்பரத்தில் ஒரு பெண்
கழுத்தைத் திருப்பித் திருப்பிச் சிரிக்கிறாள்.
செய்தி வாசிக்கிறவர் கோபப்படுகிறார்,
எதற்கென்று தெரியவில்லை.
ஒலியளவு நூறு என்று
பச்சைக் கோடு முழுக்க நிரம்பி நிற்கிறது.
சத்தம் மட்டும் இல்லை.

"எத்தனை நாளா?"
"தைக்கு முன்னாடி" என்றார் முத்துராக்கு.
எந்தத் தை என்று சொல்லவில்லை.
ஆலை இரைச்சலில்
பெட்டி ஊமையானதே மூன்று நாள் கழித்துத்தான் தெரிந்ததாம்.
தலையில் தட்டிப் பார்த்தாச்சு.
திருநீறுகூடப் பூசியிருந்தது, மேல் விளிம்பில் ஒரு கீற்று.

புதுவயல், அரிசி ஆலைகளுக்குப் பின்தெரு.
பெரிய வீட்டின் இரண்டாங்கட்டில் ஓர் அறை வாடகைக்கு.
சன்னல் கம்பியில் தவிட்டுத் தூசி.
ரிமோட் ஒரு கொட்டானுக்குள்
மருந்துச் சீட்டுகளோடு கிடந்தது.
அவருக்கு எடைமேடையில் ராத்திரி வேலை:
லாரி ஏறும், எண் விழும், சீட்டைக் கிழித்து நீட்டுவார்.
பகலில்தான் தூக்கம்.

பெட்டியைக் கவிழ்த்து முதுகைத் திறந்தேன்.
ஆத்தங்குடிக் கல்லில் வைத்த திருகாணி ஒன்று
ஒரு பூவிலிருந்து இன்னொரு பூவுக்கு உருண்டு
பீரோவுக்கு அடியில் போனது.
ஸ்பீக்கரில் மீட்டரை வைத்தேன், உயிர் இருக்கிறது.
ஒயரை எலி கடிக்கவில்லை.
ஈயம் எங்கும் விட்டுப்போகவில்லை.
இந்த மாதிரி நேரத்தில்
ஐ.சி. போயிருச்சு, எண்ணூறு ஆகும் என்பேன்.
பாதி நேரம் அது உண்மையாகவும் இருக்கும்.
சொல்ல வாயெடுத்தபோது
டார்ச் கைநழுவிப் பக்கவாட்டில் வெளிச்சம் விழுந்தது.

அங்கே ஒரு துளை.
அதன் அடியில் ஏதோ மினுங்கியது.

"ஹெட்செட் மாட்டுவீங்களாக்கா?"
"அவுக மாட்டுவாக.
நான் பகல்ல தூங்கணும்ல,
காதுல வச்சுக்கிட்டுத்தான் பாப்பாக.
சிரிப்பு வந்தா வாயைப் பொத்திக்கிட்டு
முத்தத்துக்கு ஓடுவாக."
அவுக என்பது உடையப்பன்.
பினாங்கில் சமையல் வேலையாம்.
போன அன்றைக்கு எல்லாவற்றையும் அவசரமாகப் பிடுங்கியிருக்கிறார்:
சார்ஜர், சவரப் பெட்டி, ஹெட்செட்.
முள் முறிந்து முனை உள்ளேயே தங்கிவிட்டது.

நான் தொழில் முறையில்தான் விளக்கினேன்.
சத்தம் எங்கயும் போகலைக்கா.
ஒரு காது இன்னும் மாட்டியிருக்குன்னு
பெட்டி நம்பிக்கிட்டு இருக்கு.
வெளிய விடாம
எல்லாத்தையும் அதுக்கே அனுப்புது.

அடுப்பைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று எழுந்து போனார்.
அடுப்பில் ஒன்றும் இல்லை.

பேனா ரீஃபிலை வெட்டி, நுனியில் ஒரு சொட்டுப் பசை,
துளைக்குள் விட்டு அசையாமல் பிடித்து
இருநூறு வரை எண்ண வேண்டும்.
நூற்று நாற்பதில் ஆலைச் சங்கு ஊதியது,
எண் தவறி முதலிலிருந்து தொடங்கினேன்.
பிறகு இழுத்தேன்.

நூறில் இருந்ததை மறந்திருந்தேன்.
அறை அதிர்ந்தது.
முற்றத்துப் புறாக்கள் மொத்தமும் எழும்பின.
தொடரில் ஒருத்தி கண்ணீரோடு கைகூப்பி
"ஒரு சல்லி பாக்கியில்லாம எண்ணி வச்சிட்டு
அப்புறம் படியேறு" என்று
கத்திக்கொண்டிருந்தாள்.

முத்துராக்கு கரண்டியோடு வாசலில் நின்றார்.
"இவ அவனை மன்னிச்சிட்டான்னுல்ல நெனச்சேன்.
இத்தனை நாளா
அப்படித்தான இவளுக்கு நான் பேசிக்கிட்டிருந்தேன்."

நூற்றைம்பது கொடுத்தார்.
முறிந்த முனையைக் கேட்டு வாங்கி
உள்ளங்கையில் வைத்து
ஏற்றி இறக்கிப் பார்த்தார், வேலைப் பழக்கம்.
கொட்டானில் போட்டு மூடினார்.

நான்கில் மூன்று திருகாணிதான் முடுக்கியிருந்தேன்,
அதை அவரிடம் சொல்லவில்லை.
வண்டியை உதைக்கும்போது
உள்ளே சத்தம் ஒவ்வொரு புள்ளியாகக் குறைந்தது.
பக்கத்தில் ஒருவர் தூங்கினால் எழுப்பாத அளவுக்கு வந்ததும்
அங்கேயே நின்றது.
அவர் வேலைக்குக் கிளம்ப
இன்னும் இரண்டு மணி நேரம் இருந்தது.